காவல், பேஷ்கஷ், காணிக்கை: 19ஆம் நூற்றாண்டுச் சித்தூர் வட்டாரத்தின் பொருளாதார நெருக்கடியும் அரசியல் போட்டியும்

0. முன்னுரை

சித்தூர், திருப்பதி, காளத்தி, சத்தியவேடு ஆகிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட நிலப்பரப்பு, தமிழும் தெலுங்கும் பல நூற்றாண்டுகளாக அருகருகே வழங்கிவரும் இருமொழிப் பகுதியாகும். 19ஆம் நூற்றாண்டில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக விளங்கியது சித்தூரே. 1911இல் வட ஆர்க்காட்டின் வடபகுதியும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களும் இணைந்து சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தையும், அதுவரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தையும் அடைந்தன. 2008 முதல் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் வளர்ந்துவருவது இச்சத்தியவேட்டுப் பகுதியிலேயே. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ளது.

இவ்வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுவோர் பாளையக்காரர் எதிர்ப்பை ஓர் இயலாகவும், வரிச்சுமை, பஞ்சம் முதலியவற்றை வேறோர் இயலாகவும் பகுத்து எழுதுவது பெருவழக்கு. காவல், பேஷ்கஷ், காணிக்கை என்னும் மூன்று சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கின், அரசியல் போட்டியும் பொருளாதார நெருக்கடியும் ஒரே மாற்றத்தின் இரு கூறுகள் என்பது புலனாகும். காவல் ஒரு பணியையும் அதனைச் சார்ந்த உரிமையையும் குறித்தது. பேஷ்கஷ் பெரியோர்முன் வைக்கும் கையுறையைக் குறித்தது. காணிக்கை இறைவன் திருமுன் இடும் பொருளைக் குறித்தது. மூன்றும் மனிதரிடையேயும், மனிதர்க்கும் தெய்வத்துக்கும் இடையேயும் நிலவிய உறவுகளின் பெயர்கள். அந்நூற்றாண்டில் அவை கணக்கேட்டில் எழுதப்படும் தொகைகளின் பெயர்களாயின. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனை மறவாது மொழிபெயர்ப்பது எவ்வாறு என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கடனும் ஆட்சி மாற்றமும்

1.1 சித்தூர் வட்டாரம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டு நவாபின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. மைசூர்ப் போர்களால் பெரிதும் தாக்குண்ட பகுதியும் இதுவே. ஐதர் அலி 1782 டிசம்பரில் இறந்தது சித்தூருக்கு அருகில் அமைத்திருந்த பாசறையில்தான். போர்ச் செலவுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் நவாப் முகம்மது அலி வாங்கிய கடன்கள் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் பேசப்படும் அளவுக்குப் பெருகின. எட்மண்டு பர்க் 1785இல் அக்கடன்களைப் பற்றி ஆற்றிய உரை புகழ்பெற்றது. பிற்காலத்தில் இக்கடன்களை ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட ஆணையத்தின்முன் 3 கோடி பவுனுக்கு மேற்பட்ட உரிமைக் கோரிக்கைகள் வந்தன. அவற்றுள் 27 இலட்சம் பவுன் அளவுக்கே ஏற்கப்பட்டது. எஞ்சியவை சான்றில்லாதனவாகவும் போலியானவையாகவும் தள்ளப்பட்டன.

1.2 கடன் பெருகப் பெருக, அதனைத் தீர்ப்பதற்குரிய வருவாய் யாருடையது என்னும் வினா எழுந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர் நவாபுக்குச் செலுத்திவந்த தொகையை நவாபின் பெயரால் நேரே தண்டும் உரிமையைக் கும்பினி பெற்றது. 1801 ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கையால் கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. ஓராண்டு முன்னதாக, 1800இல், நிசாம் விட்டுக்கொடுத்த மாவட்டங்களின் வழியாக மதனப்பள்ளி, வாயல்பாட்டுப் பகுதியும் அதன் ஆட்சிக்கு வந்திருந்தது. ஒரே தலைமுறைக் காலத்தில் இவ்வட்டார மக்களுக்கு வரி கேட்போர் மாறினர். எனினும் வரி கேட்கும் மொழி உடனே மாறிவிடவில்லை. நவாபின் பாரசீகச் சொற்களையே கும்பினி அலுவலரும் எடுத்தாண்டனர். சொல் நிலைத்திருக்கப் பொருள் பெயர்ந்தது. வரலாற்றாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் கவனிக்கவேண்டிய இடம் இதுவே.

2. பேஷ்கஷ்: கையுறை வரியான வகை

2.1 பேஷ்கஷ் என்னும் பாரசீகச் சொல்லுக்கு முன்னே கொணர்ந்து வைப்பது என்பது பொருள். அரசனைக் காணச் செல்லும் சிற்றரசன் தன் பணிவுக்கு அடையாளமாகக் கொடுப்பதையே அது முதற்கண் குறித்தது. கொடுப்பவன் தன் நாட்டில் தானே தலைவன் என்பதும், வாங்குபவன் அத்தலைமையை ஏற்கிறான் என்பதும் அச்சொல்லில் அடங்கியுள்ளன. கொடுக்கும் தொகை காலத்துக்கும் வலிமைக்கும் ஏற்ப ஏறும், இறங்கும், சில ஆண்டுகளில் நின்றும்போகும். பாளையக்காரர் நோக்கில் இது குறைபாடன்று. அவ்வுறவின் இயல்பே அது.

2.2 வேங்கடகிரி, காளத்தி, கார்வேட்டிநகரம், சைதாபுரம் ஆகிய நான்கு பெரும் பாளையங்களின் தலைவர்களைக் கும்பினியின் பதிவுகள் மேற்குப் பாளையக்காரர் என்று சுட்டுகின்றன. இவற்றுள் கார்வேட்டிநகரம் பொம்மராசு பாளையம் என்றும் வழங்கப்பெற்றது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி சென்னை மாகாணத்தில் நிலையான ஜமீன் ஏற்பாட்டைப் புகுத்தியது. இந்நால்வர்க்கும் அதன்படி சன்னதுகள் வழங்கப்பட்டன. முன்னர் இவர்கள் படைவீரரை வைத்துப் போர்க்காலத்தில் உதவக் கடமைப்பட்டிருந்தனர். அப்படைக்கடமை நீக்கப்பட்டு, அதற்கு ஈடான தொகை பேஷ்கஷுடன் சேர்க்கப்பட்டது. படை நிறுத்தும் தலைவன் பணம் கட்டும் உடைமையாளன் ஆனான். சன்னது அவனுக்கு நில உடைமையை என்றென்றைக்கும் உறுதி செய்தது. கைம்மாறாக, வறட்சியையோ வெள்ளத்தையோ காரணம் காட்டிக் கழிவு கேட்கும் வழி அடைக்கப்பட்டது.

2.3 இங்கே பேஷ்கஷ் என்னும் பெயர் மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. ஆயின் ஏறியிறங்கும் இயல்பு, பேசித் தீர்க்கும் இயல்பு, படைப்பணியோடு கொண்ட தொடர்பு ஆகிய மூன்றும் அச்சொல்லினின்று நீங்கின. எஞ்சியது குறித்த நாளில் கட்டவேண்டிய மாறாத் தொகை ஒன்றே. தவறினால் சொத்து முடக்கமும் ஏலமும் வரும். பாளையக்காரர் என்னும் பெயருக்கு மாற்றாக வந்த ஜமீன்தார் என்னும் சொல்லும் பாரசீகமே. நிலத்தைப் பிடித்திருப்பவர் என்பது அதன் பொருள். முன்னைய பெயர் படையைச் சுட்டியது, பின்னைய பெயர் நிலத்தைச் சுட்டியது. பெயர் மாற்றமே ஒரு நூற்றாண்டின் அரசியலைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது எனலாம்.

3. காவல்: உரிமை குற்றமான வகை

3.1 மேற்குறித்த நான்கு பெரும் ஜமீன்களும் சன்னது பெற்று அமைந்தன. சித்தூரைச் சூழ்ந்த சிறு பாளையங்களின் நிலை வேறு. கல்லூர், புலிச்சர்ல, பங்காரி, நரகண்டி, பாகாலா, மொகரால முதலியன மலையும் காடும் சூழ்ந்த சிறு பரப்புகள். அவற்றின் தலைவர்களுக்கு நிலவருவாயைவிடக் காவல் வருவாய் இன்றியமையாதது. ஊரையும் வழியையும் கணவாயையும் திருடரினின்று காப்பதற்காக ஊரார் கொடுத்த தானியமும் பணமுமே அவ்வருவாய். திருட்டு நேர்ந்தால் இழப்பை ஈடுசெய்வது காவல் உடையவன் கடமை. ஆகவே தமிழ்க் காவலும் தெலுங்குக் காவலியும் கடமை, ஊதியம், அதிகாரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறித்த சொற்களாகும்.

3.2 கும்பினி ஆட்சி இம்மூன்றையும் பிரித்தது. ஊர்களைக் காப்பது அரசின் பணி என்றும், அதற்கெனத் தண்டப்படும் பணம் அரசுக்குரியது என்றும் அது கொண்டது. 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் தரோகா என்னும் புதிய காவல் அலுவலரை ஏற்படுத்தின. பாளையக்காரன் வாங்கிவந்த காவல் பணம் இக்கோட்பாட்டின்படி ஊரார்மேல் சுமத்திய முறையற்ற தண்டலாயிற்று. நேற்றுவரை உரிமையாக இருந்தது, சொல்லின் பொருளை மாற்றியதனாலேயே குற்றமாயிற்று.

3.3 வட ஆர்க்காட்டின் ஆட்சித்தலைவராக இருந்த ஜார்ஜ் ஸ்டிராட்டன், பாளையங்களின் வருவாயைக் கணக்கெடுத்துப் புதிய ஏற்பாடு செய்யும் பொருட்டுச் சித்தூர்ப் பாளையக்காரரைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். அவர்கள் வரவில்லை. 1804இல் இது வெளிப்படையான எதிர்ப்பாக முற்றியது. வில்லியம் பெண்டிங்கு ஆளுநராயிருந்த காலம் அது. படை அனுப்பப்பட்டது. எதிர்ப்பு மலைக்காடுகளுக்குள் நகர்ந்து 1805 வரை நீடித்து அடங்கியது. சில பாளையங்கள் பறிக்கப்பட்டன. வேறு சில, காவலும் படையும் நீங்கிய வடிவில், பேஷ்கஷ் கட்டும் சிறு ஜமீன்களாக மீள அளிக்கப்பட்டன.

3.4 இவ்வெதிர்ப்பைத் தனிப்பட்ட வீரத்தின் கதையாகவோ கொள்ளையரை அடக்கிய கதையாகவோ சுருக்குவதற்கு இடமில்லை. வருவாயின் பெரும்பகுதியை இழக்கவிருந்த குறுநிலத் தலைவர்கள், அவர்களை நம்பிப் பிழைத்த காவலாளர் குடும்பங்கள், கணக்கில் ஒழுங்கை நாடிய புதிய அரசு ஆகிய மூன்று தரப்புகள் இதில் அடங்கியிருந்தன. பாளையக்காரர்க்குள்ளும் ஒற்றுமை இருந்ததில்லை. எல்லை, காடு, காவல் ஊர்கள் பற்றிய வழக்குகள் அவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவந்தன. புதிய அரசு ஒவ்வொருவருடனும் தனித்தனியே பேசி முடிக்க இயன்றதற்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணமாகும்.

3.5 தரோகா ஏற்பாடு நிலைக்கவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்க்காவலை மீண்டும் ஊர்த்தலைவர், கர்ணம், தலையாரி ஆகியோரிடம் ஒப்படைத்தது. தலையாரி என்னும் சொல் தமிழிலும் தலாரி என்னும் வடிவில் தெலுங்கிலும் நிலைபெற்றது இதன் விளைவே எனலாம். ஊர்க்காவல் ஊருக்குத் திரும்பியதேயன்றிப் பாளையக்காரனிடம் திரும்பவில்லை.

4. ஒரு விகுதிச் சிக்கல்

4.1 பாளையக்காரன் என்பதைக் குறிக்கும் சொல் தமிழில் பாளையக்காரன், பாளையக்காரர் என இருவகையாக வரும். தெலுங்கில் பாளெகாடு, பாளெகாரு என இருவகை உண்டு. இவற்றுள் முன்னையது உயர்வற்ற ஒருமை, பின்னையது உயர்வொருமை. கன்னட வடிவமும் ரகர ஈற்றுப் பகுதியைக் கொண்டதாயினும் அது தன்னளவில் உயர்வு குறிப்பதன்று. ஆங்கிலப் பதிவுகளில் வழங்கும் பாலிகார் என்னும் வடிவத்தில் இவ்வேறுபாடு முற்றிலும் மறைந்துவிடுகிறது.

4.2 ஆங்கிலப் பதிவைத் தமிழாக்குவோர்க்கு இங்கே ஒரு முடிவெடுக்கும் கட்டாயம் நேர்கிறது. மூலத்தில் இல்லாத உயர்வையோ தாழ்வையோ தமிழில் இட்டேயாகவேண்டும். எடுத்துக்காட்டுக்காக அமைத்த பின்வரும் தொடர்களை நோக்குக:

(அ) பாளையக்காரன் பேஷ்கஷ் கட்டுமாறு கட்டளையிடப்பட்டான்.
(ஆ) பாளையக்காரர் பேஷ்கஷ் செலுத்துமாறு கேட்கப்பட்டார்.
(இ) ஜமீன்தார் வரி கட்டுமாறு பணிக்கப்பட்டார்.

மூன்றும் ஒரே ஆங்கிலத் தொடரின் தமிழாக்கமாக அமையக்கூடும். முதலாவது அலுவலரின் நோக்கில் எழுந்தது. இரண்டாவது பாளையத்து மக்கள் நோக்கில் எழுந்தது. மூன்றாவது 1802க்குப் பிந்திய நிலையை அதற்கு முந்திய காலத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. மூன்றாம் வகைப் பிழையே மிகவும் தீங்கானது. எதிர்ப்பாளர் எதற்காகப் போரிட்டனரோ அதனை, அவர்கள் முன்னரே இழந்துவிட்டதாக அது காட்டிவிடும்.

4.3 பாளையம் என்னும் ஊர்ப்பெயரீற்றைக் கொண்டு முடிவுகட்டுவதும் ஏற்புடைத்தன்று. படை தங்கும் இடம் என்பது அதன் பழம்பொருள். ஆயின் இவ்வட்டாரத்திலும் நெல்லூர்ப் பகுதியிலும் பாளையம், பாளெம் என முடியும் எண்ணற்ற ஊர்கள் சிறு குடியிருப்பு என்னும் பொருளிலேயே பெயர்பெற்றவை. ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரனின் இருப்பிடமாக இருந்திருக்கவேண்டும் என்பதில்லை.

5. குடியானவர் நிலை

5.1 நிலையான பேஷ்கஷின் சுமை ஜமீன்தாருடன் நிற்கவில்லை. அவர் கட்டவேண்டிய தொகை குடியானவரிடமிருந்தே வரவேண்டும். 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், குத்தகை நிலுவைக்காகக் குடியானவரின் பொருள்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை ஜமீன்தாருக்கு அளித்தன. பட்டாவும் முச்சிலிக்காவும் மாற்றிக்கொள்ளவேண்டும் என்னும் விதி குடியானவருக்குக் காப்பாக அமைக்கப்பட்டதாயினும் நடைமுறையில் பெரிதும் பயன்படவில்லை. 1822ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இக்குறையை ஓரளவு நீக்க முற்பட்டன. 1865ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுறவை மீண்டும் வரையறுத்தது. 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் வரும்வரை குடியானவரின் குடிவார உரிமை ஐயத்துக்கு இடமாகவே இருந்தது.

5.2 இதற்கிடையே விலைவாசி வீழ்ந்தது. 1820களின் நடுப்பகுதி முதல் 1850களின் நடுப்பகுதி வரை சென்னை மாகாணத்தில் தானிய விலை தாழ்ந்தே கிடந்தது. வரியோ பணமாக நிலைநிறுத்தப்பட்டது. 1818இல் வராகனுக்கு மாற்றாக ரூபாய் மாகாணத்தின் கணக்கு நாணயமாயிற்று. விலை இறங்கும் காலத்தில் பணவரி மாறாதிருப்பின், அதே வரியைக் கட்டக் குடியானவர் மிகுதியான தானியத்தை விற்கவேண்டும். வரி விகிதம் ஏறாமலே வரிச்சுமை ஏறும். இரயத்துவாரி நிலங்களிலும் ஜமீன் நிலங்களிலும் இது பொதுவான நிலையாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் 1861 முதல் பருத்தியின் விலை உயர்ந்தபோது வேளாண் விளைபொருள்களின் விலைகளும் ஏறின. ஆயினும் அவ்வேற்றம் நெடுநாள் நிலைக்கவில்லை.

5.3 தண்டல் முறையின் கொடுமைக்கு மொழிச் சான்றும் உண்டு. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்குச் சித்திரவதை கையாளப்பட்டதா என்பதை ஆராய்ந்து 1855இல் அறிக்கை அளித்தது. பரவலாக வழங்கிய இருவகைக் கொடுமைகளை அது கிட்டி, அண்ணாந்தாள் என்னும் தமிழ்ப் பெயர்களாலேயே குறிக்கிறது. அவற்றின் தெலுங்குப் பெயர்களையும் உடன் தருகிறது. கிட்டி என்பது விரல் முதலிய உறுப்புகளை இரு கோல்களுக்கிடையே வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் காலையும் கயிற்றாலோ துணியாலோ பிணைத்து வளைந்த நிலையில் வெயிலில் நிறுத்துவது. அரசின் சட்டங்களில் இவற்றுக்கு இடமில்லை. ஆகவே ஆங்கிலத்தில் பெயருமில்லை. ஊரார் நாவிலிருந்தே அறிக்கை அச்சொற்களைப் பெறவேண்டியதாயிற்று. பெயரிருந்தது என்பதே பழக்கம் இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

6. காணிக்கை: கோயில் வருவாய்

6.1 தமிழ்க் காணிக்கையும் தெலுங்குக் கானுகவும் காண் என்னும் வினையடியோடு தொடர்புடையவை. காணும்போது கொடுப்பது என்பது அடிப்பொருள். அவ்வகையில் இது பேஷ்கஷுக்கு மிக நெருங்கிய சொல்லாகும். முன்னே வைப்பது ஒன்று, காணும்போது வைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நேர்ந்த வரலாறும் ஒத்திருக்கிறது.

6.2 திருப்பதிக் கோயிலின் வருவாயை நவாப் தம் கடனுக்கு ஈடாகக் கும்பினிக்கு ஒதுக்கியது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிகழ்ந்தது. அவ்வருவாயைக் கைப்பற்றும் நோக்குடன் திருப்பதியைச் சுற்றிப் போரும் நடைபெற்றது. 1801க்குப் பின்னர்க் கோயில் நிருவாகம் நேரே மாவட்ட ஆட்சித்தலைவரின் பொறுப்பில் வந்தது. பணியாளர் கடமை, வழிபாட்டு ஒழுங்கு, செலவு ஆகியவற்றை வரையறுத்து 1821இல் புரூஸ் விதித்தொகுப்பு என்னும் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. யாத்திரிகர் வேண்டிக்கொண்டு இட்ட பொருள், செலவு போக, வருவாய்த்துறைக் கணக்கில் உபரியாக எழுதப்பட்டது.

6.3 கிறித்தவ அரசு கோயில் நடத்துவதா என்னும் எதிர்ப்பு இங்கிலாந்தில் எழுந்தது. அதனால் 1843இல் நிருவாகம் அத்திராம்ஜி மடத்தின் மகந்து சேவாதாசரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வகித்த பதவிக்கு விசாரணைகர்த்தா என்று பெயர். வட இந்தியச் சார்புடைய மடத்தின் தலைவர் ஒருவர், தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்த கோயிலை, தெலுங்கும் தமிழும் பேசும் பணியாளரைக் கொண்டு, ஆங்கிலேய நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடத்தும் நிலை ஏற்பட்டது. மகந்துகளின் ஆட்சி 1933ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவஸ்தானக் குழு அமையும்வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் கணக்கு, நகை, உரிமை ஆகியன பற்றிய வழக்குகள் சித்தூர் நீதிமன்றம் முதல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன.

6.4 பேஷ்கார், பாருபத்தியதார், பரகாமணி முதலிய கோயில் நிருவாகச் சொற்கள் வெவ்வேறு ஆட்சி அடுக்குகளைச் சேர்ந்தவை. ஆட்சி மாறியபோதெல்லாம் பழைய சொற்கள் அழிக்கப்படாமல் புதியன அவற்றின்மேல் அமைந்தன. இவற்றை ஒரே காலத்துச் சொற்களாகக் கொண்டு ஒரே நடையில் மொழிபெயர்த்தால் இவ்வடுக்கு மறைந்துவிடும்.

7. தாது வருஷப் பஞ்சம்

7.1 1876இல் பருவமழைகள் பொய்த்தன. தமிழர் இதனைத் தாது வருஷப் பஞ்சம் என்பர். தெலுங்கர் தாத கருவு என்பர். ஆங்கிலப் பதிவுகள் 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் என்று குறிக்கின்றன. மூன்றும் ஒரே பஞ்சமாயினும் காலவெல்லை ஒன்றன்று. தமிழ்த் தாது ஆண்டு சித்திரையில் தொடங்கும் சூரிய ஆண்டு. தெலுங்குத் தாத ஆண்டு யுகாதியில் தொடங்கும் சாந்திரமான ஆண்டு. வருவாய்த்துறையின் பசலி ஆண்டோ ஜூலை முதல் நாள் தொடங்குவது. 1286ஆம் பசலி 1876 ஜூலை முதல் 1877 ஜூன் முடிய உள்ள காலமாகும். ஓர் ஊரின் விளைவிழப்பு எவ்வாண்டைச் சேர்ந்தது என்பதை அறியாமல், வஜா கொடுக்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்பதை அறிய இயலாது. இவ்வாண்டு முறைகளைக் கிறித்தவ ஆண்டாக மாற்றும்போது ஓராண்டு பிசகுவது எளிதில் நேரக்கூடியதாகும்.

7.2 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சம். 1881இல் அது ஏறத்தாழ 18 இலட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் பெருகவேண்டிய மக்கள்தொகை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது என்பதே இப்பஞ்சத்தின் அளவைக் காட்டும்.

7.3 நிவாரணப் பணிகளிலும் சொற்போர் உண்டு. இந்திய அரசின் சார்பில் 1877இல் வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வகுத்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய அளவில் ஏறத்தாழ 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கார்னிஷ் அது உயிர்வாழப் போதாது என்று மறுத்தார். அவ்வாண்டிலேயே அவ்வளவு உயர்த்தப்பட்டது. கூலியா உணவா நிவாரணமா என்னும் வினாவே அவ்வாதத்தின் மையமாகும். மக்கள் வழக்கில் இவை அனைத்தும் கஞ்சித்தொட்டி என்னும் ஒரே சொல்லில் அடங்கின.

7.4 1880இல் பஞ்ச ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதன் வழியாக எழுந்த பஞ்சவிதிகள் பற்றாக்குறையையும் பஞ்சத்தையும் வேறுபடுத்தின. அரசு எதனைப் பஞ்சம் என்று அறிவிக்கிறதோ அதற்கே முழு நிவாரணம் உண்டு. தமிழில் இரண்டையும் பஞ்சம் என்றே பெயர்த்தால், நிவாரணம் மறுக்கப்பட்டதற்கான காரணமே வாசகர்க்கு விளங்காமற்போகும்.

7.5 இவ்விடத்தில் 1802ஆம் ஆண்டுச் சன்னதை மீண்டும் நினைவுகூர்தல் தகும். இரயத்துவாரி நிலத்தில் விளைவிழந்தோர்க்கு அரசு வஜா அளிக்க இயலும். ஜமீன் நிலத்தில் பேஷ்கஷுக்குக் கழிவு கேட்கும் உரிமை இல்லை. ஆகவே ஜமீன்தார் இரங்கினால் அவர் கடன்படவேண்டும். இரங்காவிட்டால் குடியானவர் ஊரைவிட்டுப் போகவேண்டும். காலத்துக்கேற்ப ஏறியிறங்கிய கையுறை மாறாத் தொகையானதன் விலையைப் பஞ்ச காலத்தில் குடியானவரே கொடுத்தனர். அரசியல் போட்டியின் முடிவாக வந்த சொல்மாற்றம், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பசியாக வெளிப்பட்டது.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

8.1 இவ்வகைச் சொற்களைத் தொகுக்கும் முயற்சிகள் அந்நூற்றாண்டிலேயே தோன்றின. 1812ஆம் ஆண்டு ஐந்தாம் அறிக்கைக்குச் சார்லஸ் வில்கின்சு சொல்லடைவு தொகுத்தார். 1855இல் எச்.எச். வில்சனின் நீதி, வருவாய்த்துறைச் சொற்றொகுதி வெளிவந்தது. இவை இன்றும் பயன்தருவன. எனினும் இவை ஆட்சியாளரின் தேவைக்கென எழுந்தவை. ஒரு சொல்லுக்கு ஆட்சி ஏற்ற பொருளை அவை முதற்கண் தரும். மறுக்கப்பட்ட பொருள் அவற்றில் இறுதியில் இடம்பெறும் அல்லது இடம்பெறாது.

8.2 மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகளை முன்வைக்கலாம்.

(அ) பேஷ்கஷ், காவல், சன்னது, வஜா முதலியவற்றை வரி, போலீஸ், பத்திரம், தள்ளுபடி எனப் பெயர்த்து எளிதாக்குவதினும், மூலச்சொல்லையே ஆண்டு முதல் வருகையில் பொருள் தருவது தக்கது. தமிழ் வாசகர்க்கு இவை அயற்சொற்கள் அல்ல. ஜமாபந்தி, பசலி, பட்டா ஆகியன இன்றும் வருவாய் அலுவலகங்களில் வழங்குவனவே.

(ஆ) ஒரு சொல்லின் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறுமாயின் அம்மாற்றத்தை மொழிபெயர்ப்பு காட்டவேண்டும். 1790ஆம் ஆண்டு ஆவணத்தில் வரும் பேஷ்கஷும் 1810ஆம் ஆண்டு ஆவணத்தில் வரும் பேஷ்கஷும் ஒரே பொருளன அல்ல.

(இ) உயர்வு விகுதியைத் தேர்வதில், ஆவணத்தில் பேசுவோர் யார் என்பதே அளவுகோலாகும். அலுவலரின் அறிக்கையில் ஒரு வழக்கும், பாளையக்காரர் எழுதிய விண்ணப்பத்தில் மற்றொரு வழக்கும் அமைவதே முறை.

(ஈ) கலகம், கிளர்ச்சி, எதிர்ப்பு என்பன ஒருபொருட் சொற்கள் அல்ல. முதலாவது ஆட்சியின் தீர்ப்பு. அதனை மொழிபெயர்ப்பாளர் தம் தீர்ப்பாக எடுத்தாளலாகாது. அதேபோல், பிற்காலத்துச் சொல்லான விடுதலைப் போர் என்பதையும் 1804ஆம் ஆண்டு ஆவணத்தின் வாயில் வைத்தலாகாது.

8.3 இவை ஏட்டளவில் நிற்கும் நுணுக்கங்கள் அல்ல. மாநில எல்லைகள் பலமுறை மாறிய இவ்வட்டாரத்தில் ஒரே நிலத்துக்குத் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஆவணங்கள் உண்டு. சத்தியவேட்டுப் பகுதியில் 1960க்கு முந்திய பதிவுகள் செங்கல்பட்டு மாவட்ட நிருவாகத்தில் எழுந்தவை. பிந்தியவை ஆந்திர நிருவாகத்தில் எழுந்தவை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ஜமீன்களின் நிலங்கள் இன்று தொழிற்பேட்டைகளாகவும் சாலைகளாகவும் மாறிவரும் வட்டாரத்தில், ஒரு குடும்பம் தன் உரிமையை நிறுவ நூறாண்டுக்கு முந்திய பட்டாவையோ முச்சிலிக்காவையோ காட்டவேண்டி வரலாம். அவ்வேளையில் இனாம், குடிவாரம், புறம்போக்கு என்னும் சொற்களுள் ஒன்றைப் பிழையாகப் பெயர்ப்பது, உரிமை உள்ளவரை இல்லாதவராக்கிவிடக்கூடும்.

9. முடிவுரை

சித்தூர் வட்டாரத்தின் 19ஆம் நூற்றாண்டுப் போட்டிகள் நிலத்துக்காகவும் பணத்துக்காகவும் மட்டுமன்றிச் சொற்களின் பொருளுக்காகவும் நிகழ்ந்தன. காவல் உரிமையா பணியா, பேஷ்கஷ் கையுறையா கடனா, காணிக்கை தெய்வத்துக்கா கருவூலத்துக்கா என்பவை அக்காலத்து மக்கள் தம் வாழ்வைக் கொண்டு எழுப்பிய வினாக்கள். வென்றவர் தம் பொருளைச் சட்டத்திலும் அகராதியிலும் பதித்தனர். தோற்றவரின் பொருள், விண்ணப்பங்களிலும் ஊரார் வழக்கிலும் தாது வருஷம் போன்ற பெயர்களிலும் எஞ்சி நிற்கிறது. சித்தூர், வட ஆர்க்காடு, நெல்லூர்ப் பகுதிகளின் இருமொழி ஆவணங்களைத் தமிழறிஞரும் தெலுங்கறிஞரும் ஒருங்கிருந்து ஆராய்ந்து, இரு பொருள்களையும் தரும் வரலாற்றுச் சொல்லடைவு ஒன்றை உருவாக்குவது இன்றியமையாத பணியாகும். வரலாற்றாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் மட்டுமன்றித் தம் பழைய தாள்களைப் படித்தறிய விழையும் அவ்வட்டார மக்களுக்கும் அது பயன்படும்.